கொடைக்கானலில் வைத்துக் கேட்டார்கள்

அம்பத்தூர்
செப்டம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி யுவராணி. முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறியா, இல்ல ஹாஸ்டல் பொண்ணுங்க பின்னாடியே மாடிப்படி ஏறி இறங்கிக்கினு கீறியா? நான் நல்லா இருக்கேன். ரேஷ்மா இப்போ கடை போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா.

கையில போன் இருக்கும்போது லெட்டர் எதுக்குன்னு நினைப்ப. எங்க ஊட்டுல ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும், உனக்குத் தெரியுமே. போன மாசம் நீ "சாப்ட்டியா"ன்னு கேட்டதுக்கு அத்தைதான் பதில் சொன்னாங்க. வாட்ஸப்பை அவரு எடுத்துப் பார்ப்பாரு. தப்பா ஒண்ணும் இல்ல, பழக்கம். அதனால பதிலை வடிவு அக்கா டைலர் கடை விலாசத்துக்குப் போடு. ரவிக்கை குடுக்குற சாக்குல போய் வாங்கிக்குவேன்.

விஷயம் என்னன்னா, ஆயுத பூஜை லீவுக்கு நாங்க கொடைக்கானல் போறோம்! கல்யாணமாகி ஏழு வருசத்துல மாமல்லபுரம்கூடக் கூட்டிக்கினு போனதில்ல. இப்போ அத்தையே பாடி கடைத்தெருவுக்குப் போய் எனக்குச் செவப்பு ஸ்வெட்டர் வாங்கியாந்தாங்க. தண்ணி கேன் தூக்கப் போனா "நீ தூக்காத கண்ணு"ன்றாங்க. நாத்தனார் ஜோதிகாவும் அவ வீட்டுக்காரர் பாஸ்கரன் அண்ணனும் வராங்க, அவரோட வேன்லதான் பயணம். போன வாரம் வீட்டுல எல்லாருக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க, சுகர் கிகர் இருந்தா மலையில ஆவாதாம். எனக்கு மட்டும் ரெண்டு தடவை எடுத்தாங்க. முதல்ல எடுத்தது பத்தலையாம்.

அவருக்குத்தான் ரெண்டு காலும் வீங்கிக் கீது. கம்பெனியில நின்னுக்கினே வேலை செஞ்சா வேற எப்படி இருக்கும்?

உன் முட்டியைப் பார்த்துக்கோ.

உன் யுவா

*

ஓசூர்
செப்டம்பர் 18

அன்புத் தங்கைக்கு,

அருள்மொழி எழுதுகிறேன். முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. ரேஷ்மா படிப்பதைக் கேட்டு இங்கே நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

கொடைக்கானல் போவது சந்தோஷம். அக்டோபரில் அங்கே மழை பிடித்துக்கொள்ளும் என்று ஹாஸ்டலில் இருக்கும் வத்தலக்குண்டு பெண் சொல்கிறாள். குழந்தைக்குக் காது மூடும் குல்லா எடுத்துக்கொள். மலை ஏறும்போது எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள். பூந்தமல்லியிலிருந்து திருத்தணிக்குப் போனபோதே பஸ்ஸில் வாந்தி எடுத்தவள் நீ.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மலைக்குப் போக யாராவது ரத்தம் கொடுத்து டெஸ்ட் பண்ணுவார்களா? உன் மாமியாரை நான் குறை சொல்லவில்லை. அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள், அதனால் கேட்டேன்.

நல்லபடியாகப் போய் வா.

அக்கா

*

கொடைக்கானல்
அக்டோபர் 3

அக்காவுக்கு,

குளிருல கை விறைச்சிக்கினு எழுதுறேன், எழுத்து கோணலா இருந்தா திட்டாத. இங்க தபால்பெட்டி பார்த்தேன், ஆசையா இருந்துச்சு.

வந்ததுல இருந்து மழை. ஏரி எப்படி கீதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது, பனியில ஒண்ணும் தெரியல. படகு நிறுத்திட்டாங்க. ரெண்டு கட்டில் போட்ட ஒரே ரூம்ல எல்லாரும் இருக்கோம். ஈரத்துணியெல்லாம் நாற்காலி மேல, ஜன்னல் கம்பி மேல. ஒரே வாடை. பாஸ்கரன் அண்ணன் தனியாவே சீட்டு ஆடுறார். ரேஷ்மா காட்டேஜ் பார்த்துக்குற அம்மாவோட சமையக்கட்டுல முயல்குட்டியோடயே கெடக்கா.

நேத்து அவரு மழையிலேயே போய் எனக்கு மட்டும் சுட்ட சோளம் வாங்கியாந்தாரு. கல்யாணமான புதுசுலகூட அப்படிச் செஞ்சதில்ல.

இன்னிக்கு மத்தியானம் அத்தை ஒண்ணு கேட்டாங்க. அதை அப்புறம் எழுதுறேன்.

உடம்பைப் பார்த்துக்கோ அக்கா.

யுவா

*

கொடைக்கானல்
அக்டோபர் 6

அக்காவுக்கு,

இன்னும் இங்கதான் கீறோம். கீழ போற ரோட்டுல மண்ணு சரிஞ்சி மரமெல்லாம் விழுந்துடுச்சாம். எப்போ வண்டி விடுவாங்கன்னு யாருக்கும் தெரியல. எல்லாருக்கும் நல்ல சுகம். ரேஷ்மாவுக்கு லேசா சளி.

யாரும் என்னைத் திட்டல. வேளாவேளைக்கு சாப்டியா சாப்டியான்னு கேக்குறாங்க. வேற எழுத ஒண்ணும் இல்ல.

யுவா

*

ஓசூர்
அக்டோபர் 14

அன்பு யுவாவுக்கு,

மலையிலிருந்து போட்ட இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. ஊர் வந்து சேர்ந்தீர்களா? சளி போனதா?

நேற்று உனக்குப் போன் போட்டேன். நீ "நல்லா கீறேன்கா" என்று சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உன் மாமியார் இருமுவதும் கேட்டது.

உன் மாமியார் என்ன கேட்டார்? அதை எழுது. மழையைப் பற்றி வேண்டாம்.

அக்கா

*

அம்பத்தூர்
அக்டோபர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பின கவுன் ரேஷ்மாவுக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. உன் முட்டிக்கு வடிவு அக்கா ஏதோ இலைப் பத்து போடச் சொன்னாங்க, கடைசியில எழுதுறேன்.

அன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் ரேஷ்மாவை முயல் பார்க்க அனுப்பிட்டாங்க. காத்து வருதுன்னு பாஸ்கரன் அண்ணன் கதவைச் சாத்தித் தாழ்ப்பா போட்டார். அத்தை என் கையைப் புடிச்சிக்கினு, "யுவா, செல்வத்துக்கு ரெண்டு கிட்னியும் பூட்ச்சுடி"ன்னாங்க.

நான் சிரிச்சுட்டேன் அக்கா. மிக்சி கெட்டுப்போன மாதிரி சொல்றாங்களேன்னு. அப்புறம் அவரைப் பார்த்தேன். கட்டில் ஓரமா உக்காந்து ஒரு துண்டை மடிச்சாரு. பிரிச்சாரு. மறுபடி மடிச்சாரு.

"எத்தினி நாளா?"ன்னேன்.

"ரெண்டு வருசமா மாத்திரையில ஓட்டிக்கினு கீறான். நீ பயந்துடுவேன்னு சொல்லல. இனிமே மாத்திரைக்கு அடங்காதாம். வேற வெக்கணுமாம்."

ஜோதிகா சொன்னா, "அண்ணி, உங்க ரத்தம் அண்ணனுக்குச் சேருதாம். டாக்டரே சொல்லிட்டாரு."

அப்போதான் எனக்கு அந்த ரெண்டாவது ஊசி புரிஞ்சுது.

"உங்க யாருக்கும் சேரலியா?"ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுபோல. ஜோதிகாவுக்கும் சேருதாம், ஆனா அவ மாமியார் ஒத்துக்க மாட்டாங்களாம். அத்தைக்கும் சேருதாம், ஆனா வயசாயிட்ச்சாம். அம்பத்தி நாலு ஆவுது அவங்களுக்கு. "நீ பொண்டாட்டி. உனுக்குத்தான் மொத உரிமை"ன்னாங்க. உரிமைன்னு சொன்னாங்க அக்கா.

நான் கதவைத் தொறந்துக்கினு வெளிய வந்துட்டேன். ஸ்வெட்டர்கூடப் போடல. ஏரி ஓரமா ஒரு ரோடு போவுது, அதுல நடந்தேன். மழை அடிக்குது. எங்க போறேன்னு தெரியாது, அந்த ரூம்ல இருந்து தூரமாப் போனா சரின்னு இருந்துச்சு. ஆனா அது ஏரியைச் சுத்திக்கினு போற ரோடு. எவ்ளோ நடந்தாலும் கிளம்பின எடத்துக்கேதான் வருமாம். குதிரை வெச்சிருந்த ஆளு சொன்னாரு.

பின்னாடி மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு. திரும்பினா அவரு. வீங்கின காலோட, ரப்பர் செருப்பு போட்டுக்கினு, குடையை எனக்குன்னு புடிச்சிக்கினு நனைஞ்சிக்கினே வராரு. கூப்பிடவும் இல்ல, நில்லுன்னு சொல்லவும் இல்ல. நான் நடந்தா அவரும் நடப்பாரு. அவரால முடியலைன்னு தெரியுது. அதனால நான் நின்னுட்டேன். திரும்பி வந்துட்டேன்.

அப்புறம் ரோடு தொறக்குற வரைக்கும் அதே ரூம். யாரும் ரெண்டாவது தடவை கேக்கல. நான் திரும்பி வந்ததையே பதிலா எடுத்துக்கினாங்க.

பத்து போடுற விவரத்தை அடுத்த லெட்டர்ல எழுதுறேன். கை வலிக்குது.

யுவா

*

ஓசூர்
அக்டோபர் 29

யுவா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

வேண்டாம். கொடுக்காதே. கேட்பதற்கு முன்பே ரத்தத்தைத் திருடியவர்களுக்கு எதையும் கொடுக்காதே. ரேஷ்மா பிறந்தபோது உனக்கு ரத்தம் நிற்காமல் போய், ஒரு வாரம் நான் ஆஸ்பத்திரித் தரையில் படுத்திருந்தேன். அன்றைக்கு உன் மாமியார் பெண் குழந்தை என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போனவர்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வா என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் வார்டன் அறையில் உறவுக்காரர் தங்கக் கூடாது என்று ஹாஸ்டல் சட்டம். அம்மா இருந்த பூந்தமல்லி வீடும் இப்போது நம்மிடம் இல்லை. நான் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன். அதுவரை எதற்கும் தலையாட்டாதே.

அக்கா

*

அம்பத்தூர்
நவம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோவப்பட்டா உனக்கு பிரஷர் ஏறும். தண்ணி குடிச்சிட்டுப் படி.

நான் தலையாட்டல. ஆனா இங்க யாரும் "குடுப்பியா"ன்னு கேக்குறது இல்ல. "எப்போ"ன்னுதான் கேக்குறாங்க. அத்தை தெரு பூராவும் சொல்லிட்டாங்க. அரிசி கடைக்காரம்மா என்னைப் பார்த்துக் கும்புடுறாங்க. எதிர்வீட்டு ராஜம்மா ஆப்பிளோட வந்து, "உன்ன மாதிரி ஒரு மருமவ எனக்கு வாய்க்கலியே"ன்னு அழுவுறாங்க. ஜோதிகா இங்கயே வந்து தங்கி என் துணியைத் துவைச்சுப் போடுறா. இவங்க அடிச்சிருந்தா, திட்டியிருந்தா, நான் கத்தியிருப்பேன். கும்புடுறவங்களைப் பார்த்து எப்படிக் கத்துறது?

ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு. அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சுட்டாங்க. போய்ட்டு வந்தா மூஞ்சி சாம்பல் மாதிரி ஆயிடுது. ரேஷ்மா அவர் காலை அமுக்கிக்கினே தூங்கிடுறா. அவளைப் பார்த்தா வேணாம்னு சொல்ல வாய் வரல. என் வயித்துல கை வெச்சுப் பார்த்தா சரின்னும் வரல.

டிசம்பர்ல ஆஸ்பத்திரியில என்னைத் தனியா உக்கார வெச்சுப் பேசுவாங்களாம். அதுக்கு என்ன பேசணும்னு பாஸ்கரன் அண்ணன் எனக்குச் சொல்லிக் குடுக்குறாரு. "மொகத்தை சிரிச்சா மாதிரி வெச்சுக்கோம்மா"ன்றாரு.

சீக்கிரம் பதில் போடு.

யுவா

*

அம்பத்தூர்
நவம்பர் 22

அக்கா,

வடிவு அக்கா கடைக்கு மூணு தடவை போய்ட்டேன். தைக்கக் குடுக்க ரவிக்கையும் இல்ல. உனக்கு உடம்பு சரியில்லையா? என் மேல கோவமா?

ரெண்டு வரியாவது எழுது.

யுவா

*

ஓசூர்
நவம்பர் 30

அன்பு யுவாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பாஸ்கரன் ஹாஸ்டலுக்கு வந்தார். வாசலில் நின்றபடி, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா. அவளுக்கு அம்மா மாதிரி நீங்கதான்" என்று சொன்னார். விரட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் போனில் செல்வகுமாரின் படத்தைக் காட்டினார். கழுத்தில் டியூப். அந்தப் பையனா இது? உன் கல்யாணத்தில் பந்தியில் எனக்கு ஓடி ஓடி ஜாங்கிரி வைத்தவன்.

யுவா, அதற்குப் பிறகு "கொடுத்துவிடு" என்று ஒரு கடிதம் எழுதினேன். முப்பது வயதுகூட ஆகாத என் தங்கை பொட்டில்லாமல் நிற்பதை நினைத்து எழுதினேன். காலையில் அதைக் கிழித்தேன். மறுபடி "கொடுக்காதே" என்று எழுதினேன். அதையும் கிழித்தேன். இரண்டிலும் உனக்காக நானே பேசிக்கொண்டிருந்தேன். உன் மாமியாரும் அதைத்தானே செய்கிறார்?

எனக்குத் தெரியவில்லை. உன்னைத் தனியாக வைத்துக் கேட்கும்போது உன் வாயில் எது வருகிறதோ அதைச் சொல். எதுவாக இருந்தாலும் நான் உன் பக்கம். மேலிடத்தில் பேசிவிட்டேன், கோடை வரை குழந்தையோடு நீ என் அறையில் இருக்கலாம்.

அக்கா

*

அம்பத்தூர்
டிசம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டரை வடிவு அக்கா தையல் மெஷின் பின்னாடி உக்காந்தே படிச்சேன். அழுதேன். நல்ல அழுகைதான், கவலைப்படாத.

ஆஸ்பத்திரியில அந்த ரூமுக்குள்ள ஒரு பொண்ணு இருந்தாங்க, உன் வயசுதான் இருக்கும். கதவைச் சாத்திட்டு, "இங்க உங்க வீட்டுக்காரரும் வர மாட்டாரு, மாமியாரும் வர மாட்டாங்க. உங்களுக்கு இதுல இஷ்டமா?"ன்னாங்க. பாஸ்கரன் அண்ணன் சொல்லிக் குடுத்த மாதிரி சிரிச்சேன். "சிரிக்க வேணாம்மா. சொல்லுங்க"ன்னாங்க.

இல்லைன்னு சொன்னேன் அக்கா. சொல்றதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது.

அவங்க ஏன்னு கேக்கல. "சரி. உங்களால குடுக்க முடியாதுன்னு மட்டும் டாக்டர் சொல்லுவாரு. காரணம் யாருக்கும் சொல்ல மாட்டோம்"ன்னாங்க.

அப்படியேதான் சொன்னாங்க. தப்பிச்சோம்னு நினைச்சேன். ஆனா வீட்டுக்கு வந்ததும் அத்தை எனக்கு திருஷ்டி சுத்திப் போட்டாங்க. என் உடம்புல ஏதோ பெரிய வியாதின்னு நினைச்சுக்கினு, "பாவி, உனுக்கும் இன்னாமோ கீதுபோலடி"ன்னு மடியில போட்டுக்கினு அழுதாங்க. ரேஷ்மா என் நெத்தியில திருநீறு வெச்சு விடுறா. இந்தப் பொய்யுக்குள்ள என்னால உக்காந்திருக்க முடியல.

செவ்வாக்கிழமை டயாலிசிஸுக்கு நான்தான் கூடப் போனேன். முடிச்சு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தாரு. என் உடம்புல ஒண்ணும் இல்ல, நான்தான் வேணாம்னு சொன்னேன்னு சொல்லிட்டேன்.

காலரை இழுத்துக் கழுத்து டியூபை மூடிக்கினாரு. அப்புறம், "தெரியும்"ன்னாரு.

"எப்படித் தெரியும்?"

"கொடைக்கானல்ல நீ எழுந்து போனப்பவே தெரியும்."

"தெரிஞ்சிக்கினு ஏன் சும்மா இருந்தீங்க?"

என்னைப் பார்க்காம சொன்னாரு. "சாவுறதுக்குப் பயமா கீது யுவா. நீ மனசு மாறிடுவியோன்னு பார்த்தேன்."

ஏழு வருசத்துல அவரு என்கிட்ட பேசின மொத உண்மை அதுதான்னு நினைக்கிறேன். எனக்கும் பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். தலையாட்டினாரு. "வீட்ல நான் சொல்லிக்கிறேன். நீ வாயைத் தொறக்காத"ன்னாரு.

சொல்லிட்டாரு. எல்லார் முன்னாடியும், நான் வேணாம்னு சொன்னதை. என்ன நடந்துச்சுன்னு இப்போ எழுத முடியல.

உன் முட்டிக்கு நொச்சி இலையை அரைச்சு சூடு பண்ணிப் பத்து போடணுமாம். அதுதான் அன்னிக்கு விட்டுப்போன விவரம்.

யுவா

*

அம்பத்தூர்
ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் எப்படிப் போச்சு? ஹாஸ்டல்ல கரும்பாவது குடுத்தாங்களா? எங்க ஊட்டுல பொங்கல் வெக்கல.

நான் உயிரோட, நல்லபடியா இருக்கேன்னு மொதல்ல சொல்லிடுறேன். அவரு சொன்ன அன்னிக்கு அத்தை, நான் போட்ட சோத்தை அப்படியே தள்ளி வெச்சாங்க. அதுல இருந்து என் கையால பச்சத்தண்ணிகூட வாங்கல. கும்புட்ட அரிசி கடைக்காரம்மா இப்போ சில்லறையைத் தட்டு மேல வீசுறாங்க. ராஜம்மா கதவைச் சாத்திக்கிறாங்க. ஜோதிகாவைக் குடுக்கச் சொல்லி அவரு ஒரு வார்த்தையும் கேக்கல. ஆனாலும் அவ மாமியார் தெருவுல நின்னு கத்திட்டு அவளைக் கூட்டிக்கினு போய்ட்டாங்க. பாவம், அவளும் வேன்ல ஏறிட்டா.

ஏன் இன்னும் கிளம்பி வரலன்னு கேட்டிருந்த. பையெல்லாம் கட்டி வெச்சேன். ஆனா அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கினு போக வேற ஆள் இல்ல. போக வழி இருந்தும் நானா இங்க இருக்குறது வேற மாதிரிதான் கீது அக்கா. இருந்தாலும் ராத்திரியானா நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரிதான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்.

முந்தாநாள் காலையில அத்தை ரேஷ்மாவுக்குத் தலை பின்னிக்கினே, சுவத்தைப் பார்த்துச் சொன்னாங்க. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போணும். கூட வா."

எனக்குத்தான் சொல்றாங்கன்னே புரியல. "ஜோதிகாவை வரச் சொல்லட்டுமா?"ன்னேன்.

"அவ வாணாம். நீதானே உள்ள போய்ட்டு வந்தவ."

எனக்குத் தெரியாம எல்லா டெஸ்டும் எடுத்து முடிச்சிருக்காங்க. வயசு ஒண்ணும் அதிகமில்ல, தாராளமா குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்னும் அந்த ரூம்ல பேசுறது மட்டும்தான் பாக்கி.

நேத்து பஸ்ல பாடி மேம்பாலத்துக்குக் கீழ ரொம்ப நேரம் நின்னுக்கினே இருந்தோம். சேலைத் தலைப்பைக் கையில சுத்திக்கினே வந்தாங்க. "ஊசின்னாலே ஆவாதுடி எனுக்கு. அதான் வயசு வயசுன்னு சொல்லிக்கினு இருந்தேன்"ன்னாங்க. அவங்க கையைப் புடிச்சிக்கினேன். அவங்க இழுத்துக்கல.

ரூம் வாசல்ல உக்காந்திருக்கும்போது, "உள்ள இன்னா கேப்பாங்க?"ன்னாங்க.

"உங்களுக்கு இஷ்டமான்னு கேப்பாங்க அத்தை. இல்லைன்னு சொன்னா வெளிய யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க."

"என் புள்ளகிட்டகூடவா?"

"யார்கிட்டயும்."

கதவைப் பார்த்தாங்க. "கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் அப்டி கேக்கல"ன்னாங்க. அதுக்குள்ள பேரைக் கூப்பிட்டாங்க. வேம்புலியம்மாள்னு முழுப்பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பயந்த மாதிரி எழுந்து, செருப்பை வெளியவே கழட்டி விட்டுட்டு உள்ள போனாங்க.

ரொம்ப நேரமாச்சு. வேணாம்னு சொல்லிடுவாங்களோன்னு நினைச்சேன். சொன்னாலும் சொல்லட்டும்னும் நினைச்சேன் அக்கா, சத்தியமா. அப்புறம் கதவு தொறந்துச்சு. மூஞ்சி வேர்த்து, கண்ணெல்லாம் செவந்து வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க.

"இன்னாத்தை?"ன்னேன்.

"சரின்னுட்டேன்"ன்னாங்க. மூக்கைச் சிந்திக்கினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, கொஞ்சம் கெத்தாவே சொன்னாங்க. "அந்தப் பொண்ணு திருப்பித் திருப்பிக் கேட்டுச்சுடி. யாரும் சொல்லிக் குடுக்கல. நானாவேதான் சொன்னேன்."

ஆபரேஷனுக்கு மாசியில தேதி குடுத்துக்கீறாங்க. நீ ஒரு நாள் வந்து போனா நல்லா இருக்கும்.

உன் தங்கச்சி
யுவராணி